நானும் எல்தாரும் ஆடிய ஆட்டத்துக்கு மார்க்

என் மூத்த மகள் பெர்மெத்துக்கு, நாரினிலிருந்து அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி எல்தாரும் போன வாரம் கன்று போட்ட பசுவும் சுகம், அதிகம் தின்பது யார் என்று கேட்காதே. மாஸ்கோ குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நாலு வயசாகியும் தம்பி பேசலையே, நீ கேலி பண்ணிப் பண்ணியே அவன் வாயை அடைச்சுட்டியேம்மா என்று போனில் சொன்னாயே, அப்போது சிரித்துவிட்டுத்தான் வைத்தேன், ஆனால் அன்றிலிருந்து ரொட்டி தொண்டையில் இறங்கவில்லை.

பெற்றவர்கள் பிள்ளைகளோடு விளையாடுவதைப் படம் எடுத்து, பிள்ளை மனசு அவர்களுக்கு எவ்வளவு புரிகிறது என்று மார்க் போட தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து ஜில்டிஸ் என்ற பெண் பாலர் பள்ளிக்கு வந்தாள். கேலியே கூடாது என்று நினைத்துக்கொண்டு, நாம் எறிந்து விளையாடும் ஆட்டு மூட்டெலும்புகளைப் பரப்பி, என் தங்கமே, என் அழகே என்று டிவியில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி பேசினேன். உன் தம்பி என் நெற்றியில் கை வைத்துக் காய்ச்சலா என்று பார்த்தான். ஜில்டிஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வீட்டுல எப்படியோ அப்படியே ஆடுங்க அக்கா என்றாள். வருவது வரட்டும் என்று, டேய் கோணமூக்கு நாய்க்குட்டி, உன் எலும்பும் உன்னை மாதிரியே குப்புறக் கிடக்குதுடா என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான், அவள் என்னவோ குறித்தாள். பிள்ளையை அழகில்லை என்று சொன்னால்தான் கண் படாது என்பது நகரத்துக்காரிக்கு எங்கே தெரியும், போச்சு மார்க் என்று உட்கார்ந்திருந்தேன். பிறகு படத்தைப் போட்டுக் காட்டி, ஒவ்வொரு தடவையும் எழுந்து சுத்தி வந்து, அவன் முகத்துக்கு நேரா குனிஞ்ச பிறகுதான் பேசுறீங்க, ஏன் அக்கா என்றாள். அப்படிச் சொன்னாத்தான் சிரிப்பான், பழகிப்போச்சு என்றேன். அவள் பேனாவை வைத்துவிட்டு அவன் முதுகுக்குப் பின்னால் போய்ப் பலமாகக் கை தட்டினாள். எல்தார் திரும்பவில்லை.

மறுநாளே டாக்டரிடம் ஓடினோம். இரண்டு காதுக்குள்ளும் நீர் கோத்திருக்கிறதாம், செவ்வாய்க்கிழமை எடுத்துவிடுவாராம், காது கேட்டால் பேச்சு தானாக வருமாம். அப்போ நான் பண்ணின கேலி என்று இழுத்தேன். அது அவன் காதுல விழுந்திருந்தாத்தானேடி வாய் அடைக்கும் என்றார் உன் அப்பா. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே வந்தோம், சிரிப்பு எப்போது அழுகையானது என்று தெரியவில்லை. மார்க் என்ன என்கிறாயா, புகழ்ந்த வார்த்தைக்கு முட்டை, அவன் முகத்துக்கு நேரே குனிந்து சொன்ன மற்றதெல்லாம் முழுசு.

நீ சொன்னதை நினைத்து மருகாதே, நானும் அதைத்தான் நம்பியிருந்தேன். உன் வழி வெளிச்சமாக இருக்கட்டும், கையில் எடுத்தது நிறைவேறட்டும். ஒன்று மட்டும் மறக்காதே. நீ கூப்பிட்டால் தம்பி போனைப் போட்டுவிட்டு ஓடுகிறானே, அக்கா மேல் பாசம் இல்லாமல் இல்லை, உன் குரல் அவனுக்கு எட்டவே இல்லை. அடுத்த தடவை வீடியோவில் கூப்பிட்டு, விளக்கைப் போட்டு, மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவனுக்கு முகம் காட்டிப் பேசு.

உன் வாயாடி அம்மா,
சயரா