படத்தின் இடது ஓரம்

மார்ச் 2, சனி

பேசாமல் இருந்தது போதும். பத்து வருஷத்துக்கு மேல் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. அண்ணன் வீட்டுக் கூடத்தில் அம்மாவின் கடைசிக் குடும்பப் படம் மாட்டியிருக்கிறது. எல்லோர் முகமும் பளிச்சென்று இருக்கும். இடது ஓரத்தில் நிற்கும் என் முகம் மட்டும் கரி. அன்று படக்காரரின் உதவியாள் வரவில்லை. விளக்கைப் பிடித்தது அண்ணன். வேண்டுமென்றே செய்தான். எனக்குத் தெரியும். நிரூபிக்கத்தான் வழி தெரியவில்லை.

அதற்குத்தான் இந்த வார இறுதிப் புகைப்பட வகுப்பு. மனைவியிடம் பொழுதுபோக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன். "நம்ப முடியலையே" என்றாள்.

மார்ச் 3, ஞாயிறு

வகுப்பு நடக்கும் கிராமம் மிகப் பழையது. கட்டிய வருஷத்தை வாசல் கல்லில் செதுக்கிய வீடுகள், கார் நுழையாத சந்துகள். தானியக் கிடங்கு ஒன்றின் ஜன்னல்களைக் கறுப்புத் துணியால் மூடி ஸ்டுடியோ ஆக்கியிருக்கிறார்கள். உள்ளே ஒரே ஒரு விளக்கு. டீச்சருக்கு என் மகள் வயசு.

அந்தப் புதுத் துணியின் கஞ்சி வாசம் சின்ன வயசை நினைவுபடுத்தியது. அம்மா தைத்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் நானும் அண்ணனும் ஆளுக்கொரு டார்ச் பிடிப்போம். "பெரியவனே, ஆடாதே. சின்னவனே, என் கண்ணுல அடிக்காதேடா." மெஷின் நிற்காது. அந்தச் சத்தம் கேட்டு எவ்வளவு காலமாயிற்று!

அந்த மெஷினை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் யாருக்கோ கொடுத்தவனும் அவன்தான்.

மார்ச் 9, சனி

டீச்சரிடம் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். பெரிதாக்கிப் பார்த்தாள்.

"அம்மாவுக்கு அப்போ உடம்பு சரியில்லையா சார்?"

"ஆமா. ஏன்?"

"லைட்டை அவங்க முகத்துக்கு ரொம்பக் கிட்ட கொண்டு போயிருக்காங்க. கிட்ட போனா கன்னத்துப் பள்ளம் தெரியாது. ஆனா ஓரத்துல நிக்கறவங்களுக்கு வெளிச்சம் எட்டாது. ரெண்டும் ஒண்ணா கிடைக்காது."

ஆக, விளக்கை நகர்த்தியிருக்கிறான். இதைத்தானே நானும் சொன்னேன்?

மார்ச் 10, ஞாயிறு

வகுப்பில் இருப்பவர்களையே நிற்கவைத்துக் குழுப்படப் பயிற்சி. விளக்கு பிடிப்பது என் முறை. நடுவில் ஓய்வுபெற்ற நர்ஸ் அம்மா. பக்கவாதம் வந்து வாய் லேசாகக் கோணியவர். படம் என்றாலே கையால் மூடிக்கொள்வார். விளக்கைக் கொஞ்சம் கிட்டே கொண்டுபோனேன். இன்னும் கொஞ்சம். முகம் மெத்தென்று ஆனது. அவரே எதிரே இருந்த கேமராத் திரையில் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். அந்த நொடியே படம் பிடித்துவிட்டார்கள்.

ஓரத்தில் நின்ற வக்கீல் படத்தைப் பார்த்தார். "என்ன சார், எல்லாரும் மனுஷங்க, நான் மட்டும் நிழலா? உங்களுக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மேல் எனக்கு என்ன கோபம்? அவர் அங்கே நிற்பதே மறந்துபோயிருந்தது. அண்ணனுக்கும் நான் அப்படித்தான் மறந்துபோனேனா — வேண்டுமென்றே செய்திருந்தால்கூடத் தேவலை.

பஸ்ஸில் அந்தப் படத்தைத் திரும்ப எடுத்தேன். அம்மா, அத்தை, அண்ணி, பிள்ளைகள், என் மனைவி, நான்.

அண்ணன் இல்லை.

எத்தனை தடவை பார்த்திருப்பேன்! என் முகத்தைத் தாண்டிக் கண் போனதே இல்லை. அம்மாவோடு அவனுக்குக் கடைசிப் படமே கிடையாது.

மார்ச் 13, புதன்

வகுப்பில் எடுத்த குழுப்படம் பிரிண்ட் போட்டு வந்தது. நர்ஸ் அம்மா நன்றாகச் சிரிக்கிறார். வக்கீல் இருட்டில். நான் எங்கும் இல்லை.

பின்பக்கம் எழுதினேன்: "இதில் விளக்கு பிடித்தது நான்." கவரில் அண்ணன் விலாசம். மெஷின் விஷயத்தை இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு கணக்கு.

கீழே என் பெயர் போட்டால் மேலே "அன்புள்ள அண்ணனுக்கு" என்று தொடங்க வேண்டும். அந்த அளவுக்கு இன்னும் மனசு வரவில்லை. பெயரில்லாமலே நாளைக் காலை தபாலில் சேர்த்துவிடுகிறேன்.