சமையல் மேடையின் உயரம் குறித்து

அன்புள்ள மகனுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமாயிருப்பதை ஞாயிறுதோறும் கைப்பேசித் திரையில் பார்த்துக்கொள்கிறோம். இங்கே எங்கள் இருவருக்கும் காய்ச்சல், சளி ஏதுமில்லை. அதற்கு மேல் நலம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. காரணங்களைத் தேதியிட்டுத் தருகிறேன்.

1. ஜூன் 3: நான் அலுவலகத்தில் இருந்தபோது, வெளிநாட்டில் இருந்தபடியே நீ அமர்த்திய மேஸ்திரி வந்து சமையலறையை இடித்தார். வாசலில் கிடந்த பழைய மேடைக்கல்லைப் பார்த்துத்தான் எனக்கு விஷயம் தெரிந்தது.

2. ஜூன் 15: கல் கடையில் அம்மா கால் கடுக்க நின்று பார்த்துவைத்த சாம்பல் நிற கிரானைட்டை, "எண்ணெய்க் கறை தெரியும்மா, கறுப்பே போட்டுடலாம்" என்று ஒரே வாக்கியத்தில் தள்ளிவிட்டாய்.

3. ஜூன் 24: அலமாரிகள் கூரைவரை போகவேண்டும் என்றாய். அம்மாவுக்கு வலது தோள் இறுகியிருப்பதும், கையைத் தலைக்கு மேல் தூக்கக் கூடாதென்று மருத்துவர் சொல்லியிருப்பதும் உனக்குத் தெரியும்.

4. ஜூலை 2: "மேடை உயரமா இருக்கட்டும், குனிஞ்சு நின்னா முதுகு போயிடும்" என்றாய். யாருடைய முதுகு என்று சொல்லவில்லை.

இப்போது அடுப்பு என் எழுதும் மேசையில் இருக்கிறது, பாத்திரங்கள் கட்டிலுக்கடியில், என் புத்தகங்கள் தாளிப்பு வாசனையோடு பிளாஸ்டிக் உறைக்குள். நான் குளிக்கப் போவதென்றால் அலமாரிக்கென்று வந்திறங்கிய ஒட்டுப்பலகை அடுக்கைச் சுற்றி நண்டுபோல் பக்கவாட்டில் நகரவேண்டும். அலமாரிக் கதவு எந்தப் பக்கம் திறக்கவேண்டும் என்று நான் ஒரு கருத்துச் சொன்னதற்கு மேஸ்திரி, "கோவிச்சுக்காதீங்க சார், ஓனர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிறேன்" என்றார். ஓனர் நீ. நான் இந்த வீட்டில் குடியிருப்பவன் மட்டுமே போலும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். நேற்று அவர் நீ சொன்ன உயரத்துக்குச் செங்கல் அடுக்கி, மேலே பலகை வைத்து, அம்மாவை நின்று பார்க்கச் சொன்னார். அவள் வெங்காயம் நறுக்கினாள். நான்காவது வெட்டிலேயே தோளைப் பிடித்துக்கொண்டாள். உயரத்தைக் குறைக்கச் சொல் என்றேன். "அவனுக்குச் சமைக்கப் பிடிக்கும்ங்க. திரும்பி வந்துட்டா அவன்தானே இங்க நிக்கப்போறான்? நான் கீழ ஒரு பலகை போட்டுக்கிறேன்" என்றாள். சறுக்கி விழுந்தால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "விழுந்தா நீங்க சமைங்க, அந்த அதிசயத்தையும் பாத்துடறேன்" என்று சிரித்தாள். மேஸ்திரியும் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த அறையில் எனக்கு மட்டுமே தெரிந்த ஒன்று இருந்தது.

மார்ச் மாதம் நீ என்னை அலுவலக எண்ணில் அழைத்து, அங்கேயே வீடு வாங்கிவிட்டதாகவும் இனித் திரும்புவதாக இல்லை என்றும் சொன்னாய். "அம்மாகிட்ட இப்ப சொல்லாதீங்கப்பா, நானே பக்குவமாச் சொல்லிக்கிறேன்" என்றாய். உன் பக்குவம் இன்றுவரை வரவில்லை; அதற்குப் பதிலாகக் கறுப்புக் கல் வருகிறது. நீ இதை அவளுக்குச் செய்யும் பரிசு என்று நினைத்திருக்கலாம். அவளோ, நீ வருவதற்கான அறிகுறியாகவே ஒவ்வொரு இழுப்பறையையும் எண்ணிக்கொண்டிருக்கிறாள். உனக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினால், அவள் எஞ்சிய காலம் முழுவதும் உன் உயரத்துக்கு எட்டிச் சமைப்பாள். மீறினால், நான் உன்மேல் பொறாமையில் பேசுவதாக நினைப்பாள். நீயே சொல்லாதவரை நம்பமாட்டாள். முப்பது ஆண்டு உடன் வாழ்ந்தவளோடு ஒரே அறையில் உண்டு உறங்கி, முகம் கொடுக்காமல் நடமாடுகிறேன். இந்த நிலையில் என்னை வைத்தது நீ.

எனவே நீ செய்யவேண்டியது ஒன்றே. உண்மையை உன் கைப்பட, அம்மா பெயருக்கு எழுது. தொலைபேசி வேண்டாம், நீ அதில் பேச்சை மாற்றிவிடுவாய், அவளும் தனக்கு வேண்டியதை மட்டும் கேட்டுக்கொள்வாள். ஆகஸ்டு 1 காலை கல் வெட்டப்படுகிறது. ஜூலை 30 மாலைக்குள் கடிதம் அவள் கையில் இருக்கவேண்டும்.

வலிக்கிறது என்றாயே, அந்தக் கடைவாய்ப் பல்லைத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டிக்கொள். உன் உடம்புக்கும் உத்தியோகத்துக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். புது வீட்டில் நீ நன்றாக வாழ். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஆனாலும் மனதாரவே எழுதுகிறேன்.

கடிதம் வராவிட்டால், 31ஆம் தேதி நானே அவளை உட்காரவைத்துச் சொல்லிவிடுவேன். நீ மார்ச்சிலேயே என்னிடம் சொன்னாய் என்பதையும் சேர்த்து.

இப்படிக்கு,
அப்பா