பூஜ்யத்துக்குக் கீழே நின்ற உன் புள்ளிகள்

ஏன்டி,

கேண்டீன் டீ இன்றைக்கு மறுபடியும் உப்புக் கரித்தது. பக்கத்து மேசையில் கணக்குத் துறைக்காரர்கள் ஒரு வாய் குடித்துவிட்டு டீ மாஸ்டரை வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தேன். நீ இருந்திருந்தால் டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போயிருப்பாய். நாம் சேர்ந்து வேலை செய்த அந்தக் கடைசிக் கோடையில் நீ டீ குடிப்பதையே நிறுத்திவிட்டாய், ஞாபகம் இருக்கிறதா? "இதப் போயி டீன்னு சொன்னா டீத்தூளு கோவிச்சுக்கும்டி" என்றாய். ரொம்பத்தான் அலட்டிக்கொள்கிறாய் என்று நான் கிண்டல் செய்தேன். அந்த உப்பு டீதான் இப்போது உன் பெயரைக் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

உன்னை நான் முதலில் தெரிந்துகொண்டதே உன் பல்லை வைத்துத்தான். ஆராய்ச்சியில் சேர்ந்த அன்றைக்கு, எதற்காக இந்தத் தலைப்பை எடுத்தீர்கள் என்று கைடு சார் நம் இருவரையும் கேட்டார். நான் புத்தகத்தில் படித்ததை ஒப்பித்தேன். நீ உதட்டை விலக்கிக் காட்டினாய். பழுப்புக் கோடு விழுந்த பல் வரிசை. "காரிமங்கலம் பக்கம் எங்க ஊரு போர் தண்ணிங்க சார். ஃபுளோரைடு. என் மொத டேட்டா இதுதானுங்க" என்றாய். சார் சிரிக்கவும் முடியாமல் சும்மா இருக்கவும் முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அந்தப் பல்லுக்காகக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண்களை நம் ஜில்லாவில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நீ வாய் நிறையச் சிரிப்பாய். எனக்கு அது பிடித்திருந்தது.

புளியம்பழ ஓட்டைச் சுட்டுக் கரியாக்கி, அந்தக் கரி தண்ணீரிலிருக்கும் ஃபுளோரைடை எவ்வளவு பிடித்து வைத்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் நம் வேலை. ஒரே சோதனையை நீ தனியாக ஒரு தடவை, நான் தனியாக ஒரு தடவை செய்ய வேண்டும். இரண்டும் ஒத்து வந்தால்தான் நம்புவார்கள். ஃபுளோரைடு கலந்த தண்ணீரில் கரியைப் போட்டுக் குலுக்கி, வடிகட்டி, மிச்சம் எவ்வளவு என்று அளப்போம். கலந்ததில் மிச்சத்தைக் கழித்தால் கரி பிடித்தது. அதைப் புள்ளி புள்ளியாக வைத்தால், முதலில் விறுவிறுவென்று ஏறி, அப்புறம் வயிறு நிறைந்த ஆள் மாதிரி மெல்லச் சாய்ந்து படுக்கிற ஒரு வளைவு வர வேண்டும்.

அந்த வளைவைப் பொருத்துகிற மென்பொருளிடம் எனக்குப் பொறுமையே கிடையாது. பொத்தானை அழுத்தினால் கோடு போட வேண்டியதுதானே? அது என்னவென்றால், தேட ஆரம்பிக்க முதலில் ஒரு உத்தேச மதிப்பைக் கொடு என்று கேட்கும். நான் எல்லாக் கட்டத்திலும் ஒன்று என்று அடித்துவிட்டு அழுத்துவேன். அது சுற்றிச் சுற்றித் தேடிவிட்டு, விடை கிடைக்கவில்லை என்று கையை விரிக்கும். இல்லையென்றால் வாயில் நுழையாத ஒரு பெரிய எண்ணைக் கொண்டுவந்து நிறுத்தும். நீ என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்குவாய். "மொதல்ல கண்ணால பாருடி. எங்க போயி படுக்குதுன்னு வெரல வெச்சுப் பாரு. நீ என்ன நெனைக்கிறன்னு சொன்னாத்தான அது தேடும்?" என்று திரையில் விரலை வைத்துப் புள்ளிகளின் மேலேயே இழுப்பாய். திரையெல்லாம் உன் கரிக்கை ரேகை. துடைக்கிற வேலை எனக்கு.

இன்னொரு சட்டமும் வைத்திருந்தாய். சமன்பாட்டில் கூடுதலாக ஒரு எழுத்தைச் சேர்த்துவிட்டால் எந்தக் கோணல் வளைவும் புள்ளிகளில் ஒட்டிக்கொள்ளும். எனக்கு அந்தக் குறுக்கு வழி ரொம்பப் பிரியம். நீ விடமாட்டாய். "ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு காரணஞ் சொல்லு. காரணமில்லாத எழுத்து, சட்டையில ஒட்டுப் போட்ட மாரி" என்பாய். படத்தில் என் புள்ளிகளை அடைத்த வட்டமாகவும் உன்னுடையதை வெற்று வட்டமாகவும் வைத்ததும் நீதான். உள்ளே காலியாக இருந்தால்தான் கோடு அதற்குள் நுழைந்து போவது தெரியும் என்றாய்.

அந்தக் கோடையில் லேபில் சுத்தத் தண்ணீர் வடித்துத் தரும் டிஸ்டிலேஷன் செட் உப்புப் படிந்து நின்றுபோனது. ரிப்பேருக்கு ஆள் வரும்வரை காத்திருக்க உனக்கு மனசில்லை. "எந்த வூட்லடி டிஸ்டில்டு வாட்டர ஊத்திக் கொழம்பு வெக்கறாங்க? நம்ம கரி நெசமான தண்ணியிலதான வேல செய்யணும்? ஒகேனக்கல் தண்ணியிலயே கலக்கறேன்" என்றாய். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஒகேனக்கல் ஆற்றிலிருந்து லேப் குழாய்க்கு வரும் தண்ணீரை ஒரு பீக்கரில் பிடித்து அளந்தும் பார்த்தாய். ஃபுளோரைடு இருப்பதாகவே காட்டவில்லை. "பாத்துக்க, பூஜ்யம்" என்று மீட்டரை என் பக்கம் திருப்பினாய். நடுவில் மாரியம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விட்டு வந்து, அதே குழாயில் பிடித்த தண்ணீரில் எல்லாக் கரைசலையும் கலந்தாய்.

புள்ளிகளைத் திரையில் போட்டோம். முதல் சில புள்ளிகள் பூஜ்யத்துக்குக் கீழே நின்றன. கரி ஃபுளோரைடைப் பிடிப்பதை விட்டுவிட்டு வெளியே விடுகிறது என்று அர்த்தம். "என் கரி வாந்தி எடுக்குதாடி?" என்று நீதான் முதலில் சிரித்தாய். எந்த உத்தேச மதிப்பைக் கொடுத்தாலும் கோடு உன் வட்டங்களைத் தொடாமல் மேலேயே போனது. அப்புறம் டிஸ்டிலேஷன் செட் சரியாகி, நான் என் பங்கைச் செய்தேன். என் புள்ளிகள் சமத்தாக உட்கார்ந்துகொண்டன. எனக்கே அவற்றின் மேல் எரிச்சல் வந்தது.

மறுபடி செய்கிறேன் என்று நீ ஓடு சுட்டு வைத்திருந்தபோதுதான் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு வந்தேன். தலையணையில் முகம் புதைந்து கிடந்தாய். என்னைப் பார்த்ததும், "என் புள்ளிங்க மட்டும் ஏன்டி கோட்டு மேல வர மாட்டேங்குது?" என்று கேட்டாய். "வந்து பாத்துக்கலாம், மொதல்ல எந்திரி" என்றேன். நீ எழுந்திருக்கவில்லை.

இந்த வருஷம் கட்டுரையை அனுப்ப வேண்டிய நேரம் வந்தது. சார் என்னைக் கூப்பிட்டு, உன் புள்ளிகளை மறைத்துவிட்டு என் புள்ளிகளை மட்டும் வைத்துப் பொருத்தச் சொன்னார். "அவ டேட்டா இல்லாம ஆத்தர்னு எப்படிம்மா பேரப் போடறது? நன்றியில நல்லா நாலு வரி எழுதுவோம்." சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவரை என்ன குறை சொல்ல? உன் சோதனையை நான் திருப்பிச் செய்யலாம்தான். அப்போதும் அது என் சோதனையாகிவிடும். புளி ஓட்டை யோசித்தவள் நீ. கரி அரைத்து அரைத்துக் கை கொப்பளித்தவள் நீ. உனக்கு நன்றியில் நாலு வரியா?

உன் புள்ளிகளைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீ சொன்ன மாதிரி முதலில் கண்ணால் பார்த்தேன். விரலை வைத்து இழுத்தேன். அப்போதுதான் உறைத்தது: வளைவின் உருவம் சரியாகத்தான் இருந்தது. ஏறுகிற இடத்தில் ஏறி, படுக்கிற இடத்தில் படுத்தது. மொத்தமும் ஒரே அளவு கீழே இறங்கியிருந்தது, அவ்வளவுதான். சமன்பாட்டின் கடைசியில் கழித்தல் குறி போட்டு ஒரு எழுத்தைச் சேர்த்தேன். அழுத்தினேன். கோடு இறங்கி வந்து உன் வட்டங்களுக்குள் நுழைந்தது.

சாரிடம் ஓடினேன். அவர் பார்த்துவிட்டு, "நல்லா ஒட்டியிருக்கும்மா. ஆனா இந்த எழுத்து எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். நீ கேட்பதையேதான் கேட்டார். என்னிடம் காரணம் இல்லை. ஒட்டுப் போட்ட சட்டையோடு திரும்பி வந்தேன்.

சோர்ந்துபோய்க் கேண்டீனில் உட்கார்ந்தேன். டீ வந்தது. ஒரு வாய் குடித்தேன். உப்பு.

டம்ளரை வைத்த சத்தத்தில் டீ மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "ஆத்துத் தண்ணி நின்னுபோச்சு மேடம். போர் தண்ணிதான் ஏத்தறாங்க. நாங்க என்ன பண்றது?" என்றார். கோடையில் எப்போதும் இப்படித்தானா என்று கேட்டேன். "வருசா வருசம் பண்டிக முடிஞ்சா இதே கததான். லேபுக்கும் எங்களுக்கும் தொட்டி ஒண்ணு, கொழாயும் ஒண்ணு" என்றார். அப்புறம் நான் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நீ டீயைத் தள்ளிவைத்த அதே வாரம்தான் அந்தக் குழாயில் தண்ணீர் பிடித்துக் கரைசல் கலந்தாய். நம் வாய்க்குத் தெரிந்துவிட்டது, மண்டைக்கு ஏறவில்லை. நீ கலந்ததாக நினைத்ததைவிட அதிக ஃபுளோரைடு ஒவ்வொரு பாட்டிலிலும் முன்பே இருந்தது. அந்தக் கூடுதலைக் கணக்கில் சேர்க்காததால் எல்லாப் புள்ளியும் ஒரே அளவு இறங்கிவிட்டது. வெளியூர்க்காரி ஒருத்தி என்றால் தினமும் தண்ணீரை அளந்திருப்பாள். நமக்கு ஒகேனக்கல் குழாய் என்றால் நல்ல தண்ணீர். அந்த நம்பிக்கையிலேயே வளர்ந்தவர்கள், இரண்டாவது தடவை அளக்க நமக்குத் தோன்றவே தோன்றாது.

கேண்டீன் குழாயிலேயே தண்ணீர் பிடித்துக்கொண்டு லேபுக்கு ஓடினேன். அளந்தேன். நான் சேர்த்த எழுத்துக்கு மென்பொருள் சொன்ன மதிப்பைத் தண்ணீர்க் கணக்குக்கு மாற்றிப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே எண். ஸ்டூலில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். உன் கை தப்பு செய்யவில்லை, உன் கரி தப்பு செய்யவில்லை. அத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது.

தண்ணீரைச் சேர்த்துக் கணக்கைத் திருப்பிப் போட்டபோது உன் வட்டங்கள் பூஜ்யத்திலிருந்தே கிளம்பின. உச்சியில் மட்டும் என் வளைவைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருந்தன. போர் தண்ணீரில் இருக்கும் மற்ற உப்புகள் கரியில் இடம் பிடித்திருக்கும் என்றார் சார். "நெசமான தண்ணியில என்னாகும்னு அவதாம்மா செஞ்சு பாத்திருக்கா. நீ செஞ்சது சுத்தத் தண்ணி" என்று என்னை ஒரு பார்வை பார்த்தார். கட்டுரையில் உன் பெயர் முதலில் இருக்கிறது. எனக்குப் பொறாமையே இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். கொஞ்சம் இருக்கிறது.

போன வாரம் படத்தை அச்செடுத்துக்கொண்டு காரிமங்கலம் பஸ் ஏறினேன். சந்தை நாள். தக்காளிக் கூடைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றுகொண்டே போனேன். உன் அம்மா "வா கண்ணு" என்று சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். வாங்கிய கையோடு, "இது எந்தத் தண்ணிங்கம்மா?" என்று கேட்டுவிட்டேன். இப்போதெல்லாம் எந்த வீட்டுக்குப் போனாலும் வாய் சும்மா இருப்பதில்லை. அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "நல்ல தண்ணிதான் கண்ணு, குடி" என்றார்.

படத்தைக் கட்டில்மேல் விரித்தேன். "இதுல எம்புள்ளயுது எது?" என்று கேட்டார். வெற்று வட்டங்களைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொன்றாக நகர்த்திக்கொண்டே போனார், நீ செய்வதைப் போலவே. "ஆஸ்பத்திரியில பொலம்பிக்கிட்டே கெடந்தா கண்ணு. கோட்டு மேல வரல, கோட்டு மேல வரலன்னு. நான் ஜொரத்துல என்னமோ ஒளர்றான்னு நெனச்சேன். இப்ப வந்துருச்சா?"

"வந்துருச்சுங்கம்மா. பாருங்க, உள்ள பூந்து போவுது."

விரல் ஓரிடத்தில் நின்றது. "இது ஒண்ணு மட்டும் வெளிய நிக்குதே?"

"அது அப்படித்தானுங்கம்மா. ஒண்ணு ரெண்டு நிக்கும்."

"நிக்கட்டும். அவளும் சொன்ன பேச்சு கேக்கமாட்டா" என்று சிரித்தார். வாய் நிறைய. அதே பழுப்புக் கோடு விழுந்த பல். நானும் சிரித்தேன். நீ போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

இன்றைக்கு உப்பு டீயைக் கடைசி மடக்குவரை குடித்துவிட்டு லேபுக்கு வந்தேன். புதிதாக ஒரு கரி, புதிதாகப் புள்ளிகள். மென்பொருள் வழக்கம்போல உத்தேச மதிப்பைக் கேட்டது. பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் திரையில் விரலை வைத்து, ஏறுகிற இடத்திலிருந்து படுக்கிற இடம்வரை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். கரிக்கை. ரேகை அப்படியே படிந்திருக்கிறது. துடைக்கவில்லை.