இலஞ்சிக் கண்ணாடிக்கு எடுத்த படம்

தென்காசி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் கோமதிசங்கருக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே அப்பா சுகம், வீடு வாசல் சுகம், சாரல் நன்றாக விழுகிறது. அங்கே நீயும் ஜெயசித்ராவும் குழந்தை குழலியும் சுகமாக இருக்க இலஞ்சி முருகனை வேண்டிக்கொள்கிறேன். நானும் சுகம் என்று எழுதப் பேனாவை வைத்தேன், கை ஓடவில்லை. உடனே பதறாதே, காய்ச்சல் தலைவலி ஒன்றும் இல்லை. ஃபோன் இருக்கும்போது ஏன் பேப்பரில் எழுதுகிறாள் என்று கேட்பாய். ஃபோன் நன்றாக இருக்கிறது, என் விரலைத்தான் அது அறிய மாட்டேன் என்கிறது. எத்தனை தடவை தொட்டாலும் தேய்த்தாலும் திறக்கவில்லை, அப்பா தொட்டால் திறக்கிறது. போன வாரம் நீ வீடியோவில் கூப்பிட்டு, எம்மா, கேமராவ செவுத்தப் பாத்து வச்சிருக்க, மூஞ்சியக் காட்டு என்று சிரித்தாயே, அப்பா எடுத்து வைத்துவிட்டுப் போன ஃபோனுக்கு நேர் எதிரேதான் நான் உட்கார்ந்திருந்தேன். நீ பார்த்தது என் முதுகுக்குப் பின்னால் இருக்கும் சுவர். ஏலே, இங்கனதான இருக்கேன் என்று கத்தினேன், நீ அலோ அலோ என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். பேனா மட்டும் இன்னும் என் சொல் கேட்கிறது. அதனால்தான் நாளைக்கு உங்கள் தோஹாவுக்குத் திரும்பும் அச்சன்புதூர் சமீர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன்.

ஆதியிலிருந்து சொல்கிறேன், நடுவில் தாண்டிப் படிக்காதே. பழைய சாமான்களை நான் இங்கே வாங்கிப் படம் எடுத்து அனுப்ப, நீ அங்கிருந்து அந்த ஏலத் தளத்தில் போடுகிறாய். தொடங்கும்போதே உன்னிடம் சொன்னேன், வாங்குகிறவர் எங்கோ இருக்கிறார், அவரால் தொட்டுப் பார்க்க முடியாது, தட்டிப் பார்க்க முடியாது, அவருக்கு இருப்பது கண் ஒன்றுதான், அதில் மண்ணைத் தூவக் கூடாது என்று. அதனால்தான் எதையும் புளி போட்டுப் பளபளக்கத் தேய்க்காமல் மொட்டைமாடி வெளிச்சத்தில் வைத்து, அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வைத்து, அடிப்பக்கத்தையும் கவிழ்த்து எடுப்பேன். குத்துவிளக்கில் ஒட்டுப் போட்ட இடம் இருந்தால் முதல் படமே அதுதான். நெட்டில் கிடைக்கிற வேறு விளக்கின் படத்தைப் போடலாமா என்று நீ கேட்ட அன்று உன்னை ஏசின ஏச்சு உனக்கு மறந்திருக்காது. எம்மா, நீ விக்குதியா, கொறை சொல்லுதியா என்று கேலி பண்ணினாய்.

பாவூர்சத்திரத்தில் வாங்கிய ஊறுகாய் ஜாடி விஷயத்தில்தான் இது ஆரம்பித்தது. விளிம்பில் ஒரு சில்லு பெயர்ந்து, என் விரலையே கிழித்துவிட்டது, அதையும் நன்றாகத் தெரியும்படி எடுத்து அனுப்பினேன். நீ எனக்குத் தெரியாமல் உன் ஃபோனில் இருக்கும் அந்த ஆப்பில் தட்டி உடைசலை அழித்துவிட்டுப் படத்தைப் போட்டுவிட்டாய். விற்றதும் பொட்டலம் கட்டுகிறேன், விளிம்பைத் தடவிப் பார்த்தால் வழவழவென்று இருக்கிறது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன், உடைசலே இல்லை. பெயர்ந்த சில்லு மட்டும் தனியாக என்னிடம் இருக்கிறது. உன்னிடம் சொன்னதற்கு, அப்போ ஜாடிய விட்டுட்டு ஆப்ப விப்போம்மா என்றாய், நானும் உன்னோடு சேர்ந்து சிரித்தேன்.

பிறகுதான் இலஞ்சியில் இடித்த வீட்டிலிருந்து அந்த ஆளுயரக் கண்ணாடி வந்தது. ஈட்டிமரச் சட்டம், கீழ்ப்பக்கம் ஓரிடத்தில் ரசம் போயிருக்கிறது. கண்ணாடியைப் படம் எடுப்பது மாதிரி வம்பு வேறு இல்லை. பக்கவாட்டில் நின்றால் நாம் படத்தில் விழமாட்டோம், ஆனால் ரசம் போன இடமும் தெரியாது. நேரே நின்றால் அது தெரியும், எடுக்கிறவளும் உள்ளே விழுந்துவிடுவாள். குறையை மறைக்கக் கூடாதே என்று நேரே நின்றுதான் எடுத்தேன், நைட்டியும் தோளில் ஈரத் துண்டுமாக நானும் விழுந்தேன். நீ, எம்மா, நைட்டியோட நிக்க, ஊரே பாக்கும்லா, ஒரே தட்டுதான், அழிச்சுட்டேன் என்று சொல்லி அழித்த படத்தை எனக்கும் அனுப்பினாய். என்ன சுத்தமான வேலை! நான் நின்ற இடத்தில் கொடிக்கயிறு வந்துவிட்டது, நான் மறைத்திருந்த காலண்டரும் முழுசாக வந்துவிட்டது. அதிலிருந்த எழுத்துகள் மட்டும் எழுத்தாக இல்லை, புழு மாதிரி நெளிந்தன. திரும்பி நம் வீட்டுக் காலண்டரைப் பார்த்தேன். அதிலும் அப்படியே இருந்தது.

மறுநாள் காலையில் கண்ணாடியைத் துடைக்கப் போனேன். உள்ளே துணி மட்டும் தானாக மேலும் கீழும் போய் வந்தது. பிடித்திருந்த கை இல்லை, நான் இல்லை. அப்பாவைக் கூப்பிட்டேன், அவர் அதே கண்ணாடியில் தன் மீசையைச் சரிபண்ணிக்கொண்டே, ஏட்டி, ரசம் போன கண்ணாடில மூஞ்சி எப்படித் தெரியும் என்றார். என்னை ஒரு படம் எடுக்கச் சொன்னேன், சுவர்தான் வந்தது, கேமரா கெட்டுப்போச்சு என்று ஃபோனை மேசையில் போட்டுவிட்டார். அப்புறம் எவர்சில்வர் தட்டில் இல்லை, தண்ணீர்க் குடத்தில் இல்லை. ஏதாவது தோஷமாக இருந்தால் போகட்டும் என்று ஐந்தருவிக்குக் குளிக்கப் போனேன். ஷேர் ஆட்டோவில் நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருத்தி பையை வைத்தாள், என் மடியில்தான் வைத்தாள். அருவியில் பெண்கள் பக்கம் என் காலை மிதித்துக்கொண்டு நின்றவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீர் மட்டும் தலையில் பொத்துபொத்தென்று விழுந்தது, வலித்தது. சங்கரு, அந்த வலி எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் தெரியாது.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். இப்போது அப்பாவின் கண்ணிலிருந்தும் போகிறேன். எதிரே நின்று பேசினால் கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்புகிறார், அதுவும் எனக்குக் கொஞ்சம் தள்ளி வேறெங்கோ பார்க்கிறார். நேற்று மத்தியானம் ஒரே ஒரு தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தார். எனக்கு எங்கே என்று கேட்டேன். ஆமா, இன்னொண்ணு எடுக்கணும்லா என்று எழுந்து போனார், எடுத்தும் விட்டார், ஆனால் யாருக்கு என்று தெரியாமல் தட்டைக் கையில் பிடித்தபடி அடுக்களை வாசலிலேயே நின்றார். போலீஸ் ஏட்டாக இருந்த காலத்தில் திருவிழாக் கூட்டத்தில் முதுகைப் பார்த்தே களவாணியைச் சொல்லிவிடும் மனுஷன், அவர் அப்படி நின்றதைப் பார்த்து எனக்குப் பயத்தில் அழுகை வந்துவிட்டது. உன்னிடம் விவரம் சொல்லச் சொன்னால், என்ன விவரம் என்கிறார்.

ஆகவே நான் சொல்வதை அப்படியே செய். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏலம் முடிகிறது, முடிந்துவிட்டால் படத்தை மாற்ற விடமாட்டார்கள் என்று நீதான் சொல்லியிருக்கிறாய். அதற்குள் நான் முதலில் அனுப்பிய படத்தைத் திரும்பப் போடு. ஃபோனில் இடம் இல்லை என்று அனுப்பிய கையோடு நான் என்னிடம் இருப்பதை அழித்துவிடுவேன், இனி அது உன்னிடம் மட்டும்தான் இருக்கிறது. ஏலத்தை நிறுத்தி எல்லாவற்றையும் ஒரேயடியாக எடுத்துவிடாதே, படமே இல்லாமல் போனால் நான் என்ன ஆவேனோ தெரியவில்லை. அந்தப் படத்தில் எதையும் தொடாதே. நரையைக் கறுப்பாக்காதே, முகத்தை வெளிச்சமாக்காதே, கண் சுருங்கியிருந்தால் சுருங்கியே இருக்கட்டும், நைட்டியோடு ஊர் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகிறது. அம்மா அழகாக இருக்கட்டும் என்று உன் கல்யாணத்தில் எடுத்த படத்திலிருந்து என்னை வெட்டி ஒட்டிவிடாதே. அவளும் நான்தான், பட்டுச்சேலையில் நன்றாகத்தான் இருந்தாள், அப்பாவுக்குக்கூடப் பிடிக்கும். ஆனால் அவள் திரும்பி வந்தால் அவளுக்குக் குழலி யார் என்று தெரியாது. பிறந்த பிள்ளையை நான் முதல்முதலாகத் தூக்கி வைத்துக்கொண்டு வெயில் காட்டினது அவளுக்குத் தெரியாது. எனக்கு அது வேண்டாம்.

குழலிக்குச் சளி பிடித்தால் ஏசியைக் குறைத்து வை, ஜெயசித்ராவைச் சும்மா சும்மா அதட்டாதே, அவள் அங்கே தனியாகக் கிடக்கிறவள். மூவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்க வேண்டும். சமீர் வந்துவிட்டான். வாசலில் நின்று அப்பாவிடம், அம்மா எங்க, காணும் என்று கேட்கிறான். நான் அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். அப்பா இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். கடிதத்தை நார்த்தங்காய் ஊறுகாய்ப் பொட்டலத்தின் மேல் வைத்துவிடுகிறேன், எடுத்துக்கொள்வான். எப்போதும் முதலில் சாப்பிடு, அப்புறம் மற்றது என்று சொல்கிறவள் நான். இந்த ஒரு தடவை முதலில் படத்தைப் போடு. அப்புறம் சாப்பிடு.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்,
குருவம்மாள்.