வடகிழக்கு மூலை

குடியேற்றம்,
மாங்குளம்.
19.8.1962

அன்புள்ள அக்காவுக்கு,

நேற்று ஐயாவிடம் நான் ஒன்றைச் சொல்லவில்லை. சொல்லாததை உங்களுக்கு எழுதுகிறேன்.

சுவர் கட்டும் மேசன் வந்து முன்னறையைப் பார்த்தார். வடகிழக்கு மூலை இரண்டு அங்குலம் இறங்கிவிட்டது. கதவு நிலை கோணிப்போய், அதைத் தோளால் இடித்துத்தான் திறக்கிறோம். சுவர் வெடிப்புக்குக் குறுக்கே கொப்பித்தாளில் ஒரு கீலம் கிழித்து, தேதி எழுதி ஒட்டிவைப்பேன். சுவர் அசைந்தால் தாள் கிழியும். ஆனியிலிருந்து மூன்று தாள் கிழிந்துவிட்டது. மேசன் மூன்றையும் வாசித்து, "தங்கச்சி வெடிப்புக்குச் சாதகம் எழுதி வைச்சிருக்கிறா" என்று சிரித்தார். பிறகு சிரிக்காமல், "இடிச்சுத்தான் கட்டவேணும். அறுநூற்றைம்பது ரூபா முடியும்" என்றார்.

ஐயா சுவரைத் தடவிக்கொண்டு நின்றார். "இந்த மண் எங்களை ஏற்கேல்லை, பிள்ளை. அதிலை நிண்ட பாலை மரத்தை வெட்டேக்கையே கொம்மா வேண்டாமெண்டவா. மாசியிலை நெல்லு வெட்டு முடிய, அரசாங்கம் தந்த காணிப் பெர்மிட்டைத் திருப்பிக் குடுத்திட்டு ஊருக்குப் போவம்." தன் கையால் காடு வெட்டிய நிலத்தைப் பற்றி, வேறு யாருடையதோ போலச் சொன்னார்.

நான் சொல்லாதது இதுதான். இரண்டு நாள் முன்பு, ஐயா வயலுக்குப் போனபின், அந்த மூலையை இரும்பு அலவாங்கால் தோண்டிப் பார்த்தேன். அத்திவாரம் ஓரடியோடு முடிகிறது. கீழே கறுத்த களிமண். களிக்குள் அந்தப் பாலையின் வேர், கறையான் தின்று கோறையாகிக் கிடக்கிறது. என் கை முழங்கை வரை உள்ளே போனது.

மண்ணில் பிழை இல்லை, அக்கா. நம் ஊரில் ஓரடி தோண்டினால் கல். இங்கே நாலரை அடிக்குப் பிறகுதான் இறுகிய கிரவல் மண். வீட்டை நின்று கட்டுவித்தவர் அத்தான். ஓரடி போதும் என்றவரும், வேர் கிடக்கட்டும் என்றவரும் அவர்தான்.

இதைச் சொன்னால் ஐயா மருமகனின் முகத்தை எப்படிப் பார்ப்பார்? சொல்லாவிட்டால் காணி போய்விடும். குழியை மூடி மிதித்துவிட்டு வந்து தேங்காய் துருவினேன்.

நான் என்ன செய்யட்டும்?

தங்கை,
நேசமலர்

*

சுன்னாகம்.
27.8.1962

அன்புள்ள நேசம்,

உன் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். இரண்டு தரமும் கோபம் வந்தது. இவர் லீவு போட்டு, மூன்று கிழமை உங்கள் காட்டில் நுளம்புக்கடி வாங்கி, காய்ச்சலோடு திரும்பியவர். ஒரு சதம் வாங்கவில்லை. அதற்கு நீ செய்யும் நன்றி, அவருடைய அத்திவாரத்தை அளந்து பார்ப்பதா? புத்தகமும் கையுமாக இருக்கிற பெண்ணுக்கு அலவாங்கு எதற்கு?

பேசாமல் எல்லோரும் ஊருக்கு வந்து சேருங்கள். எனக்கு ஐந்து மாதம் நடக்கிறது என்பது அங்கே யாருக்காவது நினைவிருக்கிறதா? தலைப்பிள்ளைக்குத் தாய் வீட்டுக்குப் போகவேண்டும் என்று மாமி நாள் எண்ணுகிறா. "எந்த வீட்டுக்கு? அந்தச் சாயிற வீட்டுக்கோ?" என்று நேற்று நாலு பேருக்கு முன்னால் கேட்டா. நான் அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தை இவருக்குக் காட்டவில்லை. காட்டவும் மாட்டேன். இவர் தினமும் காலையில் புரட்டும் பஞ்சாங்கத்துக்குள் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அம்மாவுக்கு முழங்கால் உளைவு எப்படி?

அக்கா,
இராசேஸ்வரி

*

குடியேற்றம்,
மாங்குளம்.
30.9.1962

அன்புள்ள அக்காவுக்கு,

பஞ்சாங்கம் நல்ல நாளாகப் பார்த்துத்தான் அனுப்பியிருக்கிறது.

அத்தான் ரயிலால் இறங்கி, யாருக்கும் சொல்லாமல் வந்து முற்றத்தில் நின்றார். அம்மா கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு, "மாமா, பிழை மண்ணிலை இல்லை, என்னிலை. எங்கடை ஊர்க் கணக்கிலை ஓரடியோடை நிப்பாட்டிப்போட்டன்" என்றார்.

ஐயா குனிந்து முற்றத்து மண்ணில் ஒரு பிடி எடுத்தார்.

"அப்ப, மண் நல்ல மண் எண்டுறீர்?"

"திறமான மண், மாமா."

"மூண்டு மாசமா அதை வைஞ்சுகொண்டு திரிஞ்சிட்டனே!" ஐயாவின் முகத்தில் கோபத்தைத் தேடினேன். அங்கே கலியாண வீட்டுக் களைதான் இருந்தது. "தண்ணியைக் குடியும், தம்பி. அலவாங்கு எங்கை, பிள்ளை?"

அது இருக்கும் இடம் எனக்குத்தான் தெரியும்.

கூரைக்கு மரக்கப்புகளை முட்டுக் கொடுத்தோம். ஒரேயடியாகத் தோண்டினால் சுவர் விழும், சுவர் நீளத்தில் மூன்று மூன்று அடியாகப் போகலாம் என்று நான் சொன்னேன். எங்கே படித்தாய் என்று அத்தான் கேட்கவில்லை, அப்படியே செய்தார். கிரவல் வரை இறங்கி, கருங்கல்லும் சீமெந்தும் போட்டு நிரப்பினோம். வேரை வெளியே இழுத்தபோது அத்தான் அதைத் தூக்கிப் பிடித்து, "இவர்தான் ஆள்" என்றார். ஐயா சிரித்துச் சிரித்து இருமினார்.

எல்லாமாக நூற்றுப் பதினெட்டு ரூபாய். ஐயா ஒரு நாம்பன் கன்றை விற்றார். மேசன் தெருவில் கண்டு, "தங்கச்சி, இனி என்னட்டை வேலைக்கு வாரும், இல்லாட்டி என்ரை பிழைப்புப் போயிடும்" என்றார்.

இறங்கிய இரண்டு அங்குலம் திரும்ப வராது. இனி இறங்காது என்கிறார் அத்தான். நிலையைத் திருத்திய பிறகு கதவை ஒரு விரலால் திறக்கலாம். நேற்றுப் புதிய தாள் ஒட்டினேன்: 29.9.62. மழை வந்தால் அது சொல்லும்.

மழைக்கு முன் வாருங்கள். உங்கள் மாமியாருக்குச் சொல்லுங்கள், தாய் வீடு இருக்கிறது.

தங்கை,
நேசமலர்

*

குடியேற்றம்,
மாங்குளம்.
20.12.1962

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

அக்காவுக்கு எழுத இனி வேலையில்லை. இரண்டு மாதமாக இங்கேதான் இருந்து என் கையெழுத்தைக் குறை சொல்கிறா. அதனால் இதை உங்களுக்கு எழுதுகிறேன். தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் அடங்காதவை இவை.

மழை பதினொரு நாள் விடவில்லை. குளம் நிரம்பி வழிந்து வான் பாய்ந்தது. முற்றத்தில் கணுக்கால் அளவு தண்ணீர். ஐயா நாளுக்கு நாலு தரம் முன்னறைக்குள் வந்து தாளைப் பார்ப்பார். கண்ணாடி இல்லாமல் அவரால் வாசிக்க முடியாது; ஆனாலும் "இருபத்தொன்பது, ஒன்பது, அறுபத்திரண்டு" என்று உரத்துச் சொல்வார். "ஐயா, நீங்கள் என்னைப் பாக்க வாறியளோ, சுவரைப் பாக்க வாறியளோ?" என்று அக்கா கேட்டா. "ரெண்டுந்தான், பிள்ளை. ரெண்டும் பாரம் தாங்குது" என்றார்.

பெர்மிட் அலுமாரிக்குள் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை பத்தரைக்கு, முன்னறையில், பெண் பிள்ளை பிறந்தது. பிள்ளையின் சேலை ஏணையை வடகிழக்கு மூலையில் கட்டியிருக்கிறோம். தாள் கிழியவில்லை.

நேசமலர்