விரல் கோணும்வரை காத்திருக்கச் சொல்லாதீர்கள்

அனுப்புநர்:
ச. நாகவல்லி,
(க/பெ சண்முகசுந்தரம், கிரேன் பிரிவு)
பணியாளர் குடியிருப்பு,
ஆவடி, சென்னை.

பெறுநர்:
தலைமை மருத்துவ அதிகாரி அவர்கள்,
ஏரிக்கரை இயந்திரத் தொழிற்சாலை ஊழியர் மருத்துவமனை,
ஆவடி.

பொருள்: மகள் சுவேதாவை, விரல்கள் கோணும் முன்பே மூட்டுவாத சிறப்பு மருத்துவரிடம் அனுப்பப் பரிந்துரைச் சீட்டு வழங்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மகள் சுவேதாவுக்கு இருபத்திரண்டு வயது. தட்டச்சு உயர்நிலைத் தேர்வுக்குப் பயின்று வருகிறாள். தை மாதத்திலிருந்து, காலையில் எழுந்தால் இரண்டு கை விரல்களும் வீங்கி, மடக்க முடியாமல் இருக்கின்றன. வெயில் ஏறிய பிறகுதான் இளகுகின்றன. சென்ற வாரம் தங்கள் மருத்துவமனைக்கு அழைத்து வந்தேன். வலி மாத்திரை கொடுத்தார்கள். சிறப்பு மருத்துவருக்குச் சீட்டு கேட்டதற்கு, எக்ஸ்ரேயில் எலும்பு அரித்திருப்பது தெரிந்தால்தான் தருவது வழக்கம் என்றார்கள். சீட்டு எழுதும் ஊழியர், "வெரலு நேராத்தானே கீது? கோணிச்சின்னா இட்டுக்கினு வாம்மா, எய்தித் தரேன்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, இருக்கும் வழக்கத்தைச் சொன்னார். ஆனால் இதே பதிலை முன்பு எனக்கும் சொன்னார்கள். அதைக் கேட்டு நடந்தவள் நான்.

2. எனக்கு இந்த நோய் வந்த வருடம் எங்கள் பக்கம் முழுக்க சிக்குன்குனியா. பக்கத்திலுள்ள கோவில்பதாகையில் வீட்டுக்கு ஒருவர் நொண்டிக்கொண்டிருந்தார். என் வலியையும் அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். நானும்தான் சேர்த்தேன். காய்ச்சலே வராமல் சிக்குன்குனியா வந்த ஒரே பெண்மணி நானாகத்தான் இருப்பேன். அது யாருக்கும் உறுத்தவில்லை. நிலவேம்புக் கஷாயம் குடித்தேன். தெருமுனை கிளினிக்கில் ஊசி போட்டால் மறுநாளே வீக்கம் வற்றும். துணி துவைத்துப் போட்டுவிட்டு, அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் வயர் கோக்கும் வேலைக்கும் போய்விடுவேன். ஊசியின் வேகம் தீர்ந்ததும் மறுபடி வீங்கும், மறுபடி ஊசி. நடுவில் இங்கே சீட்டு கேட்டபோது, எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியட்டும் என்றார்கள். இப்படியே இரண்டு வருடம் ஓட்டினேன். சீட்டு கிடைத்தபோது விரல்கள் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்திருந்தன. சிறப்பு மருத்துவர் என் கையைத் தன் கைமேல் வைத்துப் பார்த்துவிட்டு, ஏன் இவ்வளவு நாள் வரவில்லை என்று கேட்டார்.

3. என் தங்கை மோகனப்பிரியா கணவரின் வேலை காரணமாக டென்மார்க்கில் இருக்கிறாள். எனக்கு வந்த பிறகு அவளுக்கும் இதே நோய் வந்தது. என்னைப் பார்த்துப் பழகியதால் அவளும் அங்கே சிக்குன்குனியா என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவளுடைய குடும்ப மருத்துவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, விரல் கணுக்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்து, ரத்தம் எடுத்து, சில வாரங்களுக்குள் சிறப்பு மருத்துவரிடம் அனுப்பிவிட்டார். எக்ஸ்ரேயில் ஒன்றுமே இல்லை. ஒன்றும் இல்லாதபோதே அனுப்பிவிட வேண்டும் என்றாராம் அந்த மருத்துவர். வாரம் ஒரு நாள் சாப்பிடும் மாத்திரை கொடுத்து, அடிக்கடி வரச்சொல்லி, வீக்கம் அடங்கும்வரை அளவைச் சரிசெய்தார்கள். இன்று அவள் சைக்கிள் ஓட்டுகிறாள். வீடியோ காலில் சப்பாத்தி தேய்த்துக்கொண்டே பேசுகிறாள். நான் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை, கையையே பார்த்துக்கொண்டிருப்பேன். பொறாமைதான் ஐயா, மறைக்க என்ன இருக்கிறது.

4. வெளிநாடு என்றாலே எல்லாம் சரி என்று சொல்ல வரவில்லை. தங்கையோடு சிகிச்சைக்கு வரும் வேறு நாட்டுப் பெண் ஒருத்தி, தன் ஊரில் காத்திருந்து காத்திருந்து, கை போன பிறகுதான் அங்கே குடியேறினாளாம். மருந்திலும் வித்தியாசம் இல்லை. தங்கை விழுங்கும் அதே மாத்திரையைத்தான் நானும் விழுங்குகிறேன். ஆவடி மார்க்கெட்டில் உள்ள மெடிக்கலிலேயே கிடைக்கிறது, வாங்க முடியாத விலையும் இல்லை. அவளுக்கு வீக்கம் மட்டும் இருந்தபோது அந்த மாத்திரை வந்து சேர்ந்தது. எனக்கு எலும்பு போன பிறகு வந்தது. இப்போது எனக்குத் தலை பின்னிவிடுவது சுவேதாதான். சட்டைப் பொத்தானும் அவள்தான் போட்டுவிடுகிறாள். அவளுக்கும் இப்படி ஆகிவிட்டால் எங்கள் இருவருக்கும் யார் செய்வது?

5. மனு பாதி தட்டச்சிலும் பாதி கையெழுத்திலும் இருப்பதைத் தாங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பயிற்சிக்காக வீட்டில் வைத்திருக்கும் தட்டச்சுப் பொறியில், நான் சொல்லச் சொல்ல சுவேதாதான் அடித்தாள். இரண்டாம் பத்தி முடிந்ததும் எழுந்து குளியலறைக்குப் போனாள். வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நான் பார்த்துவிடக்கூடாது என்று கதவைச் சாத்திக்கொண்டாள். அந்த வெந்நீர் வைத்தியம் எனக்குத் தெரியாதா? நானும் அவளுக்குத் தெரியாமல் அப்படித்தான் நின்றிருக்கிறேன். மூன்றாம் பத்தியிலிருந்து எழுதுவது என் கணவர்.

6. ஆகவே, என் கைக்காக நான் எதுவும் கேட்கவில்லை, அது முடிந்த கதை. எக்ஸ்ரேயில் அரிப்பு தெரியட்டும் என்று காத்திருக்காமல், என் மகளுக்கு இந்த வாரமே பரிந்துரைச் சீட்டு வழங்கிட ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். காலையில் விரல் வீங்கி வரும் மற்றவர்களுக்கும் அவ்வாறே வழங்க ஓர் உத்தரவு போட்டால், குடியிருப்பில் பலர் தங்களை வாழ்த்துவார்கள். சுவேதாவின் விரல்கள் இன்று நேராகத்தான் இருக்கின்றன. அதனால்தான் இன்றே எழுதுகிறேன்.

இடம்: ஆவடி
நாள்: 11.03.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,

(இடது கைப் பெருவிரல் ரேகை)
ச. நாகவல்லி

குறிப்பு: எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். பேனாவைப் பிடிக்க முடியாததால் ரேகை வைத்திருக்கிறேன்.