விபூதி விழுந்த தகடு

மாத்திரை அட்டையின் அலுமினியத் தாளை இன்று காலை சன்னலுக்கு நேரே பிடித்தேன். ஊசிமுனை அளவு ஓட்டை வழியே வெயில் வந்தது. உடனே உன் ஞாபகம். நீ போய்ச் சேர்ந்து நாற்பது நாள் ஆகிறது.

அறுபதுகளின் கடைசியில் காரைக்குடி ஆய்வுக்கூடத்தில் நாம் இருவரும் உதவியாளர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் அலுமினியத்தை ஆவியாக்கிப் படிய வைப்பது நம் வேலை. ஒரு ஆயுத பூசைக்கு, அந்த ஆவியாக்கும் கருவிக்கு வெளியே பூசியது போதாதென்று, உள்ளேயும் மூன்று பட்டை விபூதி இழுத்தவள் நான். பக்தி முற்றிய கோளாறு! அடுத்த தகட்டில் துகள் விழுந்து, அதன் மேல் படலம் படிந்து, துகள் உதிர்ந்த இடமெல்லாம் ஓட்டை.

நுண்ணோக்கியில் ஓட்டைகளின் பரப்பை அளந்தோம். அதற்கு ஏற்ற வெளிச்சம், தகட்டுக்கு அப்பால் வைத்த ஒளி அளக்கும் மீட்டரில் வரவில்லை. தலைவருக்குக் கோபம். "அளவும் தப்பு, தகடும் அழுக்கு. தூக்கிப் போடுங்க. கெடுத்தது யாருன்னு நாளைக்குச் சொல்லணும். அந்த ஆளு இங்க வேண்டாம்."

என் தற்காலிக வேலையை நம்பித்தான் ஒக்கூரில் எங்கள் வீட்டு அடுப்பு எரிந்தது. நான் தகட்டைக் குப்பைக் கூடைக்குக் கொண்டுபோனேன். நீ கையைப் பிடித்தாய்.

"போடாதடி. வெளிச்சம் எங்குட்டுப் போகுதுன்னு பாத்துருவோம்."

தேவகோட்டையில் உன் வீட்டுக்குப் போகும் கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டு, மீட்டரை விரல்கடை விரல்கடையாகத் தகட்டின் பக்கம் நகர்த்தினாய். முள் ஏறியது. "பாத்தியா? ஓட்டை சிறுக்கச் சிறுக்க வெளிச்சம் விரிஞ்சு போகுது. தூரத்துல வச்சா மீட்டருக்குத் தப்பிருது." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "அளவு சரின்னு சொல்லு. பூசுனது நீதான்னும் சொல்லு. ரெண்டையும் சேத்துச் சொல்லணும்."

மறுநாள் சொன்னேன். "ஏன் சார் நம்ப மாட்டேங்கிறீக? வந்து பாருங்க" என்று நீதான் அவரை இழுத்து வந்தாய். அவரே மீட்டரை நகர்த்திப் பார்த்தார். "பூசுனது தப்பு. அளந்தது சரி. ரெண்டையும் நோட்டுல எழுதும்மா" என்றார். என் வேலை தப்பியது.

அதன் பிறகு வேலையில் இருந்த வரை என் பிழையை என் பெயரிலேயே எழுதினேன். நேர்மைக்காரி என்று ஊரே சொன்னது. நீயும் சொன்னாய். அதுதான் உறுத்துகிறது.

இனியும் மறைக்க மாட்டேன். அன்று அவர் அறைக்குள் நுழைந்தபோது என் நாக்கில் இருந்தது உன் பெயர். உனக்கு நிரந்தர வேலை, உன்னை அனுப்ப மாட்டார்கள் என்று கணக்குப் போட்டிருந்தேன். வாயைத் திறந்த நேரம் நீ பின்னால் வந்து என் தோளில் கை வைத்தாய். அதனால்தான் என் பெயர் வந்தது.